என்விடிஏ படிக்கும் தமிழ்: மென்பொருளில் பாதி, நம் கோப்பில் பாதி



அண்மையில் ஆசிரியர் ஒருவர் புலனக் குழுவில் இப்படிக் கேட்டிருந்தார்: "என் வகுப்புல படிவம் 4 மாணவி ஒருத்தி. பார்வை குறைஞ்சுக்கிட்டே வருது. மலாய், ஆங்கிலம், வரலாறு எல்லாத்தையும் கணினியே படிச்சுக் காட்டிடுது. தமிழுக்கு அப்படி ஒன்னும் இல்லையாமே, எஸ்.பி.எம்.ல தமிழை விட்டுடலாமான்னு அப்பா கேட்கிறார். என்ன சொல்றது?" பதில்கள் மளமளவென்று வந்தன. பெரும்பாலும் அனுதாபம், கைகூப்பும் சின்னங்கள். மென்பொருளை இயக்கிப் பார்த்துவிட்டு எழுதிய பதில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

தமிழ் நம் இடைநிலைப்பள்ளிகளில் பெரும்பாலும் கூடுதல் பாடம். பள்ளி நேரம் முடிந்த பிறகு நடக்கும் வகுப்புகளும் உண்டு. ஆகவே ஏதாவது ஒன்றை விட வேண்டும் என்றால் முதலில் கைவைப்பது தமிழில்தான். அந்த முடிவு மென்பொருளைப் பற்றிய தவறான தகவலால் எடுக்கப்படக் கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன். தமிழைப் படிக்கும் திரைவாசிப்பான் இருக்கிறது. இலவசமாகவே இருக்கிறது. அது தமிழை எவ்வளவு நன்றாகப் படிக்கிறது, எங்கே தடுக்கி விழுகிறது, விழும்போது குற்றம் யாருடையது என்பதையெல்லாம் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இணைய உலாவியில் 'உரக்கப் படி' என்று ஒரு வசதி இருக்குமே, அது திரைவாசிப்பான் அன்று. அது பார்வையுள்ளவர் சுட்டியால் தொட்டுக் காட்டிய பக்கத்தைப் படிக்கும், அவ்வளவுதான். திரைவாசிப்பான் கணினியைத் திறந்த நிமிடத்திலிருந்து கூடவே வரும். நீங்கள் எந்தக் கோப்பின்மேல் நிற்கிறீர்கள், எந்தப் பொத்தான் கையில் இருக்கிறது, அட்டவணையில் எத்தனையாவது வரிசை, தட்டிய எழுத்து என்ன என்று எல்லாவற்றையும் சொல்லும். சுட்டியே வேண்டாம், விசைப்பலகை போதும். தமிழில் இதைத் திரைவாசிப்பி, திரைப்படிப்பான், திரைநவிலி என்று பலவாறாக அழைக்கிறார்கள். நான் திரைவாசிப்பான் என்றே எழுதுகிறேன்.

இங்கே எடுத்துக்கொண்டது என்விடிஏ. விண்டோஸ் கணினிக்கானது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-இல் இதை எழுதத் தொடங்கினார். பிறகு ஜேம்ஸ் தே சேர்ந்துகொண்டார். இருவரும் பார்வையற்றவர்கள்; சிறுவயதில் ஓர் இசை முகாமில் பழக்கமானவர்கள். 2007-இல் என்வி ஆக்செஸ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே ஜாஸ் என்ற திரைவாசிப்பான் புகழ்பெற்றிருந்தது. விபத்தில் பார்வையிழந்த டெட் ஹெண்டர் தொடங்கி வைத்த அந்த மென்பொருள் 1989-இலேயே வந்துவிட்டது. ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், அந்தக் காசும் சின்னத் தொகை அன்று. பார்வையுள்ளவர் திரையைச் சும்மா பார்க்கலாம், பார்வையற்றவர் மட்டும் கூடுதலாகப் பணம் கட்டித்தான் அதே திரையை அறிய வேண்டுமா என்ற கேள்விக்குப் பதிலாக வந்ததே என்விடிஏ. கட்டற்ற மென்பொருள். யாரும் பதிவிறக்கலாம், யாரும் மொழிபெயர்க்கலாம். தமிழ் இடைமுகமும் அப்படித் தன்னார்வலர் உழைப்பில் வந்ததுதான்.

சரி, குரலுக்கு வருவோம். ஆசிரியர்கள் முதலில் முகம் சுளிப்பது இங்கேதான்.

என்விடிஏவோடு கூடவே வருவது ஈஸ்பீக் என்ற பேச்சுப்பொறி. யாரோ பேசிப் பதிவுசெய்த குரல் அன்று. மனிதத் தொண்டையின் ஒலியைக் கணக்குப் போட்டு உருவாக்குகிறது. அதனால் அளவில் மிகச் சிறியது, விசையைத் தட்டிய கணமே பேசும். ஆனால் கேட்க இரும்புத் தகட்டைத் தட்டுவதுபோல இருக்கும். "ஐயோ, ரோபோ மாதிரி பேசுதே, இதைக் கேட்டுத் தமிழ் படிச்சா உச்சரிப்பு கெட்டுப்போகாதா?" என்று கேட்காத ஆசிரியர் இல்லை. நியாயமான கேள்விபோலத் தெரியும். ஆனால் பழகிய பார்வையற்ற வாசகர் இந்தக் குரலை எந்த வேகத்தில் கேட்கிறார் என்று பாருங்கள். நாம் முதல் சொல்லைப் பிடிப்பதற்குள் அவர் பத்தியை முடித்திருப்பார். மனிதக் குரல் அந்த வேகத்தில் குழைந்துவிடும். இந்த இரும்புக் குரல் குழையாது. பலர் இதையே விரும்பி வைத்துக்கொள்வதற்குக் காரணம் அதுதான். நாமும் புத்தகத்தை எழுத்தின் அழகுக்காகவா படிக்கிறோம்?

இனிமையான குரல்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. விண்டோஸில் தமிழ்ப் பேச்சைச் சேர்த்துக்கொண்டால் 'வள்ளுவர்' என்ற ஆண் குரல் கிடைக்கும். என்விடிஏ அதைப் பயன்படுத்தும். இணையவழிக் குரல்களில் மைக்ரோசாஃப்ட் மலேசியத் தமிழுக்கென்றே கனி, சூர்யா என்ற இரண்டையும், சிங்கப்பூர்த் தமிழுக்கு வெண்பா, அன்பு என்ற இரண்டையும் வைத்திருக்கிறது. எட்ஜ் உலாவியின் உரக்கப் படிக்கும் வசதியில் கேட்டுப் பாருங்கள். கருத்துணர்தல் பகுதி ஒன்றை முழுவதும் கேட்க அவை இதமானவை. ஆனால் அவை இணையம் வழியே வரும் குரல்கள். எழுத்து எழுத்தாகத் தட்டித் திருத்துகிற வேலைக்கு ஈஸ்பீக்கின் சுறுசுறுப்புத்தான் கைகொடுக்கும்.

கைப்பேசி மட்டும் வைத்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வரி: ஐபோனில் வாய்ஸ்ஓவர் 2009 முதல் உள்ளேயே இருக்கிறது, ஆண்ட்ராய்டில் டாக்பேக் இருக்கிறது. இரண்டிலும் தமிழ்க் குரல் உண்டு. கீழே கோப்புகளைப் பற்றிச் சொல்வது அவற்றுக்கும் பொருந்தும்.

உச்சரிப்பில் குறை இல்லையா? இருக்கிறது. தமிழில் ககரம் ஒன்றுதான், ஒலிகள் பல. 'பக்கம்', 'பாகம்', 'பங்கு' என்ற மூன்றிலும் ககரம் ஒலிக்கும் விதம் வேறு. தமிழ்ச் சொற்களில் இது இலக்கணத்துக்கு உட்பட்டது என்பதால் பேச்சுப்பொறிக்கு விதியாகச் சொல்லிக் கொடுக்கலாம், அதுவும் ஒழுங்காகப் படித்துவிடும். பிறமொழிப் பெயர்கள் வரும்போதுதான் சிக்கல். 'காந்தி'யின் முதலெழுத்தை 'காற்று' என்பதன் முதலெழுத்தாகவே படிக்கும். 'பாலன்' என்ற பையன் பால் விற்பவனைப்போல ஒலிப்பான். கணேசன் வல்லினம் அழுந்த ஒலிக்கும். ஆனால் நம் நாட்டு அடையாள அட்டைகளில் அந்தப் பெயரைக் 'கே' போட்டு எழுதியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது பழக்கமான உச்சரிப்புத்தான்.

இதைவிட நமக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. தமிழ்க் குரல் பேசிக்கொண்டிருக்கும்போது ரோமன் எழுத்தில் ஒரு சொல் வந்தால் ஈஸ்பீக் அதை ஆங்கிலமாகவே எடுத்துக்கொள்கிறது. நம் பயிற்சித்தாள்களில் ரோமன் எழுத்தில் வருவது ஆங்கிலம் மட்டுமா? பள்ளியின் பெயர், இடத்தின் பெயர், சாலையின் பெயர் எல்லாம் மலாய். தாளின் தலைப்பிலேயே குரல் ஆங்கிலேயர் மலாய் படிப்பதுபோலத் திணறும். இடப்பெயரைத் தமிழில் எழுதிவிட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. 'கோலாலம்பூர்', 'சுங்கை பட்டாணி' என்று எழுத நமக்குத் தெரியாதா என்ன?

இதுவரை சொன்னவை சின்னக் குறைகள். பொருள் கெடாது, காது பழகிக்கொள்ளும். தமிழ்ப்பாடத்துக்கு உண்மையிலேயே ஆபத்தான குறை வேறு. அது எழுத்துக்கூட்டல்.

பார்வையுள்ள மாணவர் ஆயிரம் முறை 'பள்ளி' என்ற சொல்லைக் கண்ணால் பார்த்திருப்பார். எழுதும்போது ளகரம் தானாக வந்து விழும். காதால் மட்டுமே தமிழ் படிக்கும் மாணவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. லகர, ளகர, ழகரத்தை நல்ல குரல் வேறுபடுத்திச் சொன்னாலும் வேகத்தில் பிடிபடாது. ரகர, றகரமும் அப்படியே. நகரத்துக்கும் னகரத்துக்கும் இடையே இன்றைய பேச்சில் காதுக்கு எட்டும் வேறுபாடே இல்லை. அது மென்பொருளின் தவறும் அன்று, மொழியில் அப்படி. கேட்டுக் கேட்டு வளர்ந்த மாணவர் வாய்மொழியில் வெளுத்துக் கட்டுவார், கட்டுரையில் வரிக்கு வரி மயங்கொலிப் பிழை இருக்கும். திருத்தும் ஆசிரியர், "நல்லாப் பேசுற பிள்ளை, ஏன் இப்படி எழுதுது?" என்று ஆச்சரியப்படுவார். அந்த மாணவர் தமிழை ஒருமுறையாவது எழுத்தாகச் சந்தித்தாரா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

என்விடிஏவில் இதற்குக் கருவி உண்டு. எண்பலகையின் 5-ஐ ஒருமுறை தட்டினால் நடப்புச் சொல்லைச் சொல்லும், விரைவாக இருமுறை தட்டினால் எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொல்லும். இடம், வலம் அம்பு விசைகளால் எழுத்து எழுத்தாக நகரலாம். ஆனால் இங்கே தமிழுக்கே உரிய முரண் ஒன்று எட்டிப்பார்க்கிறது. முதலாம் ஆண்டிலிருந்து 'கி' ஓர் எழுத்து என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். யூனிகோடு அதைக் ககரம் ஒன்று, மேல்விலங்கு ஒன்று என இரண்டாகச் சேமிக்கிறது. ஆகவே எழுத்தாகப் பிரிக்கும்போது உயிர்மெய் முழுதாக வராமல் அகரமேறிய எழுத்தும் துணைக்குறியும் தனித்தனியாக வந்து விழுவதுண்டு. 'க்' என்பதோ ககரமும் புள்ளியும். மெய்தான் முதல், அகரம் அதன்மேல் ஏறுகிறது என்று நாம் இலக்கணத்தில் கற்பிப்பதற்கு நேர் எதிர்! எழுத்து எண்ணும் கேள்விக்கு இதை நம்பி விடையெழுதினால் மதிப்பெண் போய்விடும். மாணவருக்கு இந்த வேறுபாட்டை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும், பழகிக்கொள்வார். சொல்லாமல் விடுவதுதான் கொடுமை.

எனக்கு ஓர் ஆசை உண்டு. தமிழ் மரபு இந்த மூன்று எழுத்துகளுக்கும் காதுக்கென்றே பெயர் வைத்திருக்கிறது: தந்நகரம், றன்னகரம், டண்ணகரம். பக்கத்தில் எந்த வல்லினம் வரும் என்பதை வைத்தே சூட்டிய பெயர்கள். கண்ணால் பார்க்காமல் எழுத்தை வேறுபடுத்த இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை இன்று உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. எழுத்தெழுத்தாகப் படிக்கும்போது எல்லாத் திரைவாசிப்பான்களும் இந்தப் பெயர்களையே சொல்ல வேண்டும்.

இருந்தாலும் எழுத்துக்கூட்டலுக்கு இறுதித் தீர்வு பிரெயில்தான் என்பது என் கருத்து. குரல் வந்துவிட்டதே, இனிப் பிரெயில் எதற்கு என்று பேசுபவர்கள் தமிழ்க் கட்டுரை திருத்தாதவர்கள். தமிழுக்குப் பயன்படுவது பாரதி பிரெயில். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951-இல் ஏற்கப்பட்ட முறை. அதே ஆறு புள்ளிகள்தான். லகரத்துக்கு இடப்பக்க மூன்று புள்ளிகள், அதாவது 1, 2, 3. ளகரத்துக்கு வலப்பக்க மூன்று புள்ளிகள், 4, 5, 6. விரலுக்கு இடமும் வலமும் மாறுகிறது, குழம்ப வழியே இல்லை. காது தடுமாறும் இடத்தில் விரல் தடுமாறுவதில்லை. என்விடிஏ பிரெயில் காட்டும் கருவிகளோடும் வேலை செய்யும். கருவி விலை அதிகம். ஆனால் மென்பொருளிலேயே பிரெயிலைத் திரையில் காட்டும் ஒரு சாளரம் உண்டு, ஆசிரியர் கற்றுக்கொள்ள அது போதும். மலாய்ப் பிரெயிலில் தேர்ந்த மாணவருக்குத் தமிழ்ப் பிரெயில் புதிய கருவி அன்று, புதிய எழுத்துப் பட்டியல் மட்டுமே.

இனி நம் கோப்புகள். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

நம் குழுக்களில் பகிரப்படும் பயிற்றிகளையும் தேர்வுத்தாள்களையும் எடுத்து, என்விடிஏவில் திரையைக் கறுப்பாக்கும் வசதியை இயக்கிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். பல கோப்புகளில் ஒரு சொல்கூடத் தமிழாக வராது. பழைய பாமினி எழுத்துருவில் தட்டியவை அவை. பாமினியில் 'தமிழ்' என்று நம் கண்ணுக்குத் தெரிவது கணினிக்குத் தமிழே இல்லை. ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்ற ஐந்து குறிகள். ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்டதுபோல. கண் ஏமாறும், காது ஏமாறாது. குரல் ஜே, கே, பி, ஓ என்று எதையோ உளறிக்கொண்டு போகும். அந்த மாணவியின் அப்பா "தமிழுக்கு அப்படி ஒன்னும் இல்லை" என்ற முடிவுக்கு வந்தது இப்படி ஏதோ ஒரு கோப்பைக் கேட்டுத்தான் என்றால் எனக்கு ஆச்சரியமே இல்லை. முரசு அஞ்சல் தந்த முத்து நெடுமாறனின் நாட்டில் இருந்துகொண்டு, யூனிகோடு கைக்கு வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பாமினியில் வினாத்தாள் தயாரிப்பதற்குச் சமாதானம் எதுவும் இல்லை. மாற்றிக் கொடுக்கும் செயலிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒட்டினால் ஒரு நிமிட வேலை.

மாற்றிய பிறகும் ஒருமுறை கேட்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் 'ரி'யும், துணைக்காலின்மேல் விலங்கு போட்டதும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் மாற்றிய கோப்புகளில் 'ஆசிரியர்' என்ற சொல்லிலேயே ரகரம் இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் உட்கார்ந்திருக்கும். அச்சில் பார்த்தால் தெரியவே தெரியாது. கேட்டால் சொல் நடுவில் முறிந்துபோகும். இன்னொன்று 'ஔ'. அந்த ஓர் எழுத்தைத் தட்டாமல் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டும் வழக்கம் பெருகிவிட்டது. ஔவையார் அப்போது 'ஒ-ள-வையார்' ஆகிறார். 'கௌரவம்' என்பதன் கொம்புக்காலுக்குப் பதில் ளகரம் போட்டால் 'கெ-ள-ரவம்'. பாட்டியின் பெயர் என்ன என்று திரைவாசிப்பானில் மட்டும் கேட்டறிந்த மாணவர் அப்படியே எழுதினால் அவரைத் திருத்த நமக்கு என்ன தகுதி?

பி.டி.எஃப். கோப்பை எல்லாருக்கும் பிடிக்கும், எழுத்துரு கலையாது என்று. ஆனால் தமிழ்ப் பி.டி.எஃப்.பிலிருந்து உரையை எடுத்தால் 'கொ' போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் இடம் மாறி வருவது அடிக்கடி நடப்பதே. வருடியால் எடுத்த தாள் என்றால் அது வெறும் படம். குரல் 'படம்' என்று சொல்லி நகரும், அல்லது வாயே திறக்காது. அப்படிப்பட்ட பழைய தாள்களைக் கூகுள் இயக்ககத்தில் ஏற்றி, கூகுள் டாக்ஸாகத் திறந்தால் தமிழ் எழுத்துகளை ஓரளவு மீட்டுத் தரும். பிழைதிருத்தம் வேண்டும், ஆனால் முழுத்தாளையும் மறுபடி தட்டுவதைவிட மேல். பி.டி.எஃப். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே வேர்ட் கோப்பையும் போடுங்கள்.

இப்போது எழுத்துருவெல்லாம் சரியாக இருக்கும் ஒரு நல்ல யூனிகோடு தாளை எடுத்துக்கொள்வோம். 'கோடிட்ட சொல்லின் பொருளைத் தெரிவு செய்க.' குரல் வாக்கியத்தைத் தெளிவாகப் படிக்கிறது. கோடு எங்கே? தொடக்க அமைப்பில் என்விடிஏ அடிக்கோட்டைச் சொல்லாது. ஒவ்வொரு சொல்லாக நின்று என்விடிஏ விசையோடு எஃப் தட்டி வடிவமைப்பைக் கேட்க வேண்டும், அல்லது ஆவண வடிவமைப்பு அமைப்புக்குள் போய் எழுத்துருப் பண்புகளை அறிவிக்கச் சொல்ல வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாத மாணவர், கேட்கப்பட்ட சொல் எதுவென்றே தெரியாமல் நான்கு விடைகளுக்கு இடையே ஊகம் செய்வார். வெற்றிடத்தை நிரப்பும் கேள்வியும் அப்படித்தான். கீழ்க்கோடுகளை வரிசையாகத் தட்டி விட்ட காலியிடம், நிறுத்தற்குறி அளவைக் கூட்டி வைத்தால் ஒழிய, காதில் விழாமல் போகும். வாக்கியம் ஓட்டையோடு சேர்ந்து ஓடிவிடும். என்விடிஏ விசையோடு பி தட்டினால் அந்த அளவு மாறும், 'பெரும்பாலானவை' என்ற நிலைக்குக் கொண்டுபோனால் கோடுகள் கேட்கும். மாணவர்களே, இதைத் தேர்வு அறையில் முதன்முதலாகத் தேடாதீர்கள். ஆசிரியர்களே, வினாவிலேயே 'காலியிடம்' என்று ஒரு சொல் போட்டுவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. 'கோடிட்ட சொல்' என்பதற்குப் பக்கத்தில் அந்தச் சொல்லையே மேற்கோள் குறிக்குள் எழுதிவிடலாம்.

உரைப்பெட்டிகளை மிதக்கவிட்டு அலங்கரித்த தாள்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அழகாக இருக்கின்றன. குரல் அவற்றை வேறொரு வரிசையில் சந்திக்கும், அல்லது சந்திக்காமலே போகும். வேற்றுமை உருபு அட்டவணையை இடைவெளி விசையால் தள்ளித் தள்ளி அமைக்காமல் உண்மையான அட்டவணையாகப் போட்டால், கண்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு அம்பைச் சேர்த்து மாணவர் கட்டம் கட்டமாக நடந்து போவார். வரிசை, நெடுவரிசை எண்ணைக் குரலே சொல்லும்.

குறைகளையே அடுக்கிவிட்டேன். இந்தக் குரல் நம்மைவிட நன்றாகச் செய்யும் வேலைகளும் உண்டு. செய்யுளை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் குறளை நாம் பொருள் விளங்கும்படி சீர் பிரித்து, சந்தி பிரித்துப் படிக்கிறோம். என்விடிஏ அப்படியில்லை, இடைவெளி எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிரிக்கும், அதாவது சீர் சீராக. பொருள் கெட்டுப்போகும், ஓசை கெடாது. அலகிடப் பழகும் மாணவருக்கு இந்த விறைப்பான வாசிப்பு ஒரு வரம். முதலடியில் நான்கு, இரண்டாமடியில் மூன்று என்று விரல்விட்டு எண்ணலாம். பொருளுக்கு ஆசிரியர் வேண்டும், அதை எந்தக் குரலும் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்று வலிமிகுதல். எழுதியதைக் கண்ணால் பார்க்கும்போது மூளை விட்டதை நிரப்பிக்கொள்ளும். குரல் நிரப்பாது. 'அந்தப் பையன்' என்று எழுதியிருந்தால் பகர ஒற்று அழுந்திக் கேட்கும், விட்டிருந்தால் இல்லாமல் கேட்கும். விடுபட்ட துணைக்கால், இருமுறை தட்டிய சொல், எழுவாயோடு ஒட்டாத பயனிலை எல்லாம் காதில் முள்ளாகக் குத்தும். பார்வையுள்ள எஸ்.பி.எம். மாணவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: தட்டச்சு செய்த கட்டுரையை ஒப்படைக்கும் முன் ஒருமுறை இந்த இரும்புக் குரலிடம் கொடுத்துக் கேளுங்கள். தோழியிடம் படிக்கச் சொன்னால் அவள் பிழையைச் சரிசெய்துகொண்டே படித்துவிடுவாள். இது தயவுதாட்சண்யம் பார்க்காது.

தேர்வு விஷயத்தில் ஒன்று. சிறப்புத் தேவையுடைய மாணவர்களுக்குப் பிரெயில் தாள், பெரிய எழுத்துத் தாள், கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளைத் தேர்வு வாரியம் வழங்குகிறது. விண்ணப்பம் பள்ளி வழியாகப் போக வேண்டும். விண்ணப்பத்தில் மற்ற பாடங்களோடு தமிழும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று தமிழாசிரியர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கூடுதல் பாடம் என்பதால் விடுபட்டுப் போகும் வாய்ப்பு அதிகம். மாணவர் எந்த வடிவில் தேர்வு எழுதப் போகிறாரோ அந்த வடிவிலேயே படிவம் 4 முதல் பழக வேண்டும். ஆண்டு முழுவதும் குரலைக் கேட்டுவிட்டு, தேர்வன்று முதன்முறையாகத் தமிழ்ப் பிரெயில் தாளில் விரல் வைப்பது அநியாயம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். என்விடிஏவை இறக்கிக்கொள்ளுங்கள். கணினியில் நிறுவாமல் தற்காலிகமாகவும் இயக்கலாம். அதன் கருவிகள் பட்டியலில் பேச்சைக் காட்டும் ஒரு சாளரம் இருக்கிறது. குரல் சொல்வதையெல்லாம் வரி வரியாக எழுதிக் காட்டும், குரலின் வேகத்துக்குக் காது பழகாதவர்களுக்கு அது வசதி. நீங்கள் கடைசியாகக் குழுவில் பகிர்ந்த பயிற்சித்தாளைத் திறந்து, என்விடிஏ விசையோடு கீழ் அம்பைத் தட்டுங்கள். அந்தச் சாளரத்தில் வருவதை நகலெடுத்து, எந்தத் தாள் என்ற குறிப்போடு இந்த இதழின் வளப்பகுதிக்கு அனுப்புங்கள். படிவம் 4, 5 தாள்களை முதலில் சரிசெய்து, யூனிகோடு வேர்ட் கோப்புகளாகத் தனியே அடுக்கி வைக்கலாம்.